பதினேழு நிமிட இங்கிலீஷ்

ஒச்சப்பனுக்குப் பதினேழு நிமிடம் இங்கிலீஷ் பேசத் தெரியும். பதினெட்டாவது நிமிடம் தெரியாது.

அந்தப் பதினேழு நிமிடத்தை வைத்துக்கொண்டு அவன் மட்டாஞ்சேரியில் ஆறு வருடம் குடும்பம் நடத்தினான். எறணாகுளத்திலிருந்து படகில் வந்து இறங்கும் வெள்ளைக்காரர்களைத் துறையிலேயே பிடித்துக்கொள்வான். அரண்மனைக்குக் கூட்டிப்போய் மாடிச் சுவர் ஓவியங்களைக் காட்டி, யூதத் தெரு வழியாக நடத்தி, மணிக்கூண்டுக்கு முன்னால் நிறுத்தி, கும்பிடு போட்டு அனுப்பிவிடுவான். நடக்கிற நேரத்தைக் கழித்தால் பேச்சு சரியாகப் பதினேழு நிமிடம். எந்த ராஜா, எந்தச் சுவரில் ராமன், எந்தச் சுவரில் சிவன், தரையில் பதித்த ஓடு எந்தத் தேசத்துக் கப்பலில் வந்தது என்று எல்லாம் அதில் உண்டு. மூச்சு விடாமல் கொட்டுவான். துறையில் சாயாக்கடை வைத்திருந்த ராசப்பன், ஒச்சப்பன் சேட்டன் லண்டனில் பிறந்திருக்க வேண்டிய ஆள் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வான்.

லண்டனில் பிறக்க வேண்டியவனுக்கு, தான் பேசுவதில் ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. அது அவனுக்கும் அவன் மனைவி பேச்சிக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன் அவன். மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். எழுபத்துமூன்றாம் வருடத்து மழையில் மூட்டையோடு படியில் வழுக்கி விழுந்தான், இடுப்பு போயிற்று. ஆறு மாதம் படுத்துக் கிடந்து எழுந்தபோது நடக்க முடிந்தது, குனிந்து நிமிர முடியவில்லை. பேச்சி சுக்குக் கிடங்கில் தரம் பிரித்துக் கொண்டுவந்ததில் இரண்டு பெண் பிள்ளைகளும் அவனும் அரைவயிறு சாப்பிட்டார்கள். ஒச்சப்பன் பொல்லாத ரோஷக்காரன். அந்த நாட்களில் யாராவது ஒரு சாயா வாங்கிக் கொடுத்தால்கூட வயிறு சரியில்லை என்று சொல்லி எழுந்து போய்விடுவான். வயிற்றில் ஏதாவது இருந்தால்தானே அது சரியில்லாமல் போக!

அப்போது துறையில் கைடாக நின்றவன் வெங்கிடராமன் என்ற பாலக்காட்டுக்காரன். ஒச்சப்பனுக்குச் சம வயது. குறும்பு என்றால் அப்படிப்பட்ட குறும்பு. படகுக்காரன் தலைப்பாகையைப் பிடுங்கி நங்கூரத்தில் கட்டிவிட்டு ஒன்றும் தெரியாதவன்போல் பொடி போடுகிற ரகம். அவனுக்கு பம்பாயில் வேலை கிடைத்துவிட்டது. போவதற்கு முன்னால் ஒச்சப்பன் வீட்டுக்கு வந்து, தன் பேச்சு முழுவதையும் அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போவதாகச் சொன்னான். ஒச்சப்பன் முறைத்தான். இது உபகாரம் இல்லை என்றும், பத்து வருடம் பழக்கின பேச்சை அநாதையாக விட்டுப் போகத் தனக்கு மனசில்லை என்றும் வெங்கிடராமன் சத்தியம் செய்தான். ஒச்சப்பன் அதை நம்பினான். ரோஷக்காரனை நம்பவைக்க வேறு எப்படிச் சொல்வது?

இருபது நாள், துறைப் படிக்கட்டில் உட்கார்ந்து, வெங்கிடராமன் சொல்லச் சொல்ல ஒச்சப்பன் திருப்பிச் சொன்னான். ஊர்க் கூத்தில் ஒரு தரம் கேட்ட வசனத்தை மறுநாள் அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கிறவன் அவன். இருமல், செருமல் உட்பட அப்படியே பிடித்துக்கொண்டான். இருபதாம் நாள் வெங்கிடராமன் கடைசி வரியைக் கொடுத்தான். நீளமான வரி. ஒரே மூச்சில் சொல்ல வேண்டும் என்று பழக்கினான்.

"எதை விட்டாலும் இதை விடப்படாது, கேட்டியா ஒச்சப்பா. கதவுக்குத் தாழ்ப்பாளாக்கும் இது."

இதற்கு என்ன அர்த்தம் என்று ஒச்சப்பன் கேட்டான். வெங்கிடராமன் சிரித்தான்.

"அர்த்தம் தெரிஞ்சா நீ சொல்ல மாட்டாய்."

மறுநாள் ரயில் ஏறிப் போனவன்தான். பம்பாயில் எந்தப் பகுதியில் இருக்கிறான் என்றுகூட யாருக்கும் தெரியாது.

அன்றிலிருந்து ஒச்சப்பன் அந்தக் கடைசி வரியை ஒரு நாளும் விட்டதில்லை. ஒவ்வொரு நாளும் மணிக்கூண்டுக்கு முன்னால் நின்று அதைச் சொல்வான். சொன்னதும் வெள்ளைக்காரர்கள் சிரிப்பார்கள். சிலர் புன்சிரிப்போடு விடுவார்கள், சிலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சில கிழவிகள் அவன் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுப்பார்கள். அப்புறம் ஒரு கேள்வியும் கேட்காமல் போய்விடுவார்கள். கேள்வி இல்லாதது அவனுக்குப் பெரிய நிம்மதி. ஏனென்றால் உலகத்திலேயே அவன் பயந்த பொருள் கேள்விதான். பாம்புக்கு அவ்வளவு பயந்ததில்லை. ஒரே ஒரு கேள்வி வந்தால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். ஊரை ஏமாற்றிச் சோறு தின்றவன் என்று துறையே காறித் துப்பும். இந்த நினைப்போடுதான் அவன் தினமும் காலையில் சட்டையை மாட்டினான்.

எழுபத்தொன்பதாம் வருடம் ஓணம் கழிந்த சமயம், ஒரு தாடிக்காரன் கடைசி வரியைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தான். சிரித்ததோடு விடாமல், பின்தங்கி வந்துகொண்டிருந்த தன் மனைவியைக் கைதட்டிக் கூப்பிட்டு, அவளுக்காக அதை இன்னொரு தரம் சொல்லும்படி சைகை காட்டினான். ஒச்சப்பன் சொன்னான். அவளும் சிரித்தாள். ஒச்சப்பனும் கூடச் சிரித்துவைத்தான். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தவன் தட்டை அப்படியே தள்ளி வைத்தான். தன் வாயால் தன்னையே என்ன சொல்லிக்கொள்கிறோம் என்று தெரியாமல் ஆறு வருடம் சொல்லியிருக்கிறோமே என்று உடம்பெல்லாம் எரிந்தது.

யாரையாவது கேட்டிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். யாரைக் கேட்பது? இங்கிலீஷ் தெரிந்தவனைக் கேட்டால் தனக்குத் தெரியாது என்பது தெரிந்துபோகும். ஆகவே முப்பத்தெட்டு வயதில் ஒச்சப்பன் தானே இங்கிலீஷ் படிப்பது என்று முடிவு செய்தான்.

எறணாகுளத்து நடைபாதையில் கிடைத்த புத்தகமெல்லாம் மலையாளத்தில் சொல்லிக்கொடுக்கிறவை. ஒச்சப்பன் மலையாளம் பேசுவான். எழுத்து என்றால் பஸ் பலகை வாசிக்கிற அளவுக்குத்தான். தமிழ் ஐந்தாம் வகுப்பு வரை படித்திருந்தான். கம்பத்திலிருந்து காய்கறி லாரி ஓட்டிவரும் சங்கிலிப்பாண்டியிடம், அண்ணன் மகனுக்கு என்று பொய் சொல்லி, தமிழ் வழியாக இங்கிலீஷ் படிக்கும் புத்தகம் ஒன்று வாங்கிவரச் சொன்னான். அது முட்டைக்கோஸ் மூட்டைக்குள் செருகப்பட்டு ஈரத்தோடு வந்து சேர்ந்தது. பாடம் படித்தபோதெல்லாம் முட்டைக்கோஸ் வாடை அடித்தது. புத்தகத்தின் பின்பக்கத்தில் இரண்டாயிரம் வார்த்தைகள். பக்கத்தில் உச்சரிப்பு தமிழ் எழுத்திலேயே, அதற்குப் பக்கத்தில் அர்த்தம். அதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

கைடு ஏ, பி, சி படிக்கிறான் என்று துறையில் தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும். அதனால் ஆள் வராத மத்தியான நேரங்களில் படகில் ஏறி உட்கார்ந்துகொள்வான். எறணாகுளம் போய் இறங்காமலே திரும்பி வருவான். பேப்பருக்குள் புத்தகத்தை மறைத்து வைத்து, வாய்க்குள்ளேயே மெல்லுவான். கடைசிப் பெஞ்சில் ஒரு ஆள் தினமும் இவ்வளவு நேரம் பேப்பர் படிக்கிறாரே என்று டிக்கெட் கொடுப்பவனுக்கு அவன்மேல் ஒரு மரியாதை உண்டாயிற்று.

மற்றவர்கள் வார்த்தையைக் கற்று அதைப் பேசுவார்கள். ஒச்சப்பனுக்குப் பேச்சு முன்னாலேயே இருந்தது. வார்த்தைதான் பின்னால் வந்தது. ஒரு நாள் 'கிங்' என்றால் ராஜா என்று படித்தான். மறுநாள் அரண்மனையில் பேசிக்கொண்டு போகும்போது நடுவில் 'கிங்' வந்தது. அட, நம் வாயில் ராஜா உட்கார்ந்திருக்கிறார் என்று அவனுக்குச் சிலிர்த்தது. அடுத்த வாரம் 'வால்' வந்தது, 'ஷிப்' வந்தது, 'ஃப்ளோர்' வந்தது. இருட்டுக் கிடங்கில் ஒவ்வொரு ஓடாகப் பிரித்து வெளிச்சம் விட்டாற்போல் இருந்தது. ஆறு வருடம் தன் வாயிலேயே இருந்த சரக்கை இப்போதுதான் அவன் முதல் தரம் பார்த்தான். ஆனால் புரியப் புரிய நாக்கு தடுக்கிற்று. 'ராஜா' என்று நினைத்துக்கொண்டு நிற்கிற நேரத்தில் அடுத்த வரி ஓடிப்போய்விடும். பதினேழு நிமிடம் இருபத்தொன்று ஆயிற்று.

ஐந்தாவது மாதம் தலையில் இடி விழுந்தது. மாடியில் பெரிய ஓவியத்துக்கு முன்னால் சொல்கிற ஒரு வரி உண்டு: டோன்ட் லுக் தேர், லுக் அட் மை ஃபேஸ். அதைச் சொன்னதும் வெள்ளைக்காரர்கள் எல்லாரும் சுவரை விட்டுத் திரும்பி ஒச்சப்பனை உற்றுப் பார்ப்பார்கள். தன் பேச்சுக்குக் கொடுக்கிற மரியாதை என்று அவன் நினைத்திருந்தான். அன்று படகில், பாடம் நாற்பதில், 'லுக்' என்றால் பார், 'ஃபேஸ்' என்றால் முகம் என்று வாசித்தான். வாசித்தவன் பேப்பரை மடியில் போட்டுவிட்டான். அங்கே பார்க்காதே, என் முகத்தைப் பார்! துறைப் படிக்கட்டில் பாடம் நடந்தபோது, படகை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒச்சப்பனை வெங்கிடராமன் பாட வேகத்தில் இங்கிலீஷிலேயே அதட்டியிருக்கிறான். ஒச்சப்பன் அதட்டலையும் சேர்த்து மனப்பாடம் செய்திருக்கிறான். கடல் தாண்டி ராமாயண ஓவியம் பார்க்க வந்தவர்களையெல்லாம் ஆறு வருடமாகத் தன் மூஞ்சியைப் பார்க்கவைத்திருக்கிறான்.

நடுவிலேயே இப்படி என்றால் கடைசியில் என்ன இருக்கிறதோ! அதுவும் வெங்கிடராமன் வைத்தது. தெரிந்தால் சொல்லமாட்டாய் என்று வேறு சொல்லிச் சிரித்தான். அந்த வரியில் 'சில்ட்ரன்' என்று ஒரு வார்த்தை வருகிறது என்பதை மட்டும் ஒச்சப்பன் கவனித்துவிட்டான். சில்ட்ரன் என்றால் பிள்ளைகள் என்று மட்டாஞ்சேரியில் எல்லாருக்கும் தெரியும். தன் பெண் பிள்ளைகளைப் பற்றி என்னமோ சொல்லி அந்நியர்களைச் சிரிக்கவைக்கிறோம் என்று நினைத்தபோது அவனுக்குக் கண் இருண்டது.

மறுநாள் கடைசி வரியை விழுங்கிவிட்டான். ஒரு மூக்குக்கண்ணாடிக்காரனும் அவன் தங்கை மாதிரி ஒருத்தியும் வந்திருந்தார்கள். மணிக்கூண்டுக்கு முன்னால் ஒச்சப்பன் வாயை மூடிக் கும்பிட்டதுதான் தாமதம், கேள்வி வந்தது. அது முடிவதற்குள் இன்னொன்று. அந்தப் பெண் கையை நீட்டி எதையோ காட்டி மூன்றாவதைக் கேட்டாள். ஒச்சப்பனுக்கு வந்ததெல்லாம் இருமல்தான். இருமிக்கொண்டே, இடுப்பு வலியையும் பாராமல், யூதத் தெருவில் வேகமாக நடந்து ஒரு மிளகு மண்டிக்குள் புகுந்து மறைந்தான். அடுத்த நாளே வரியைத் திரும்பச் சேர்த்துக்கொண்டான். சிரிப்பு திரும்பி வந்தது, கேள்வி நின்றது. தாழ்ப்பாள் என்று வெங்கிடராமன் சொன்னது பொய்யில்லை. ஆனால் என்ன தாழ்ப்பாளோ!

இந்த லட்சணத்தில்தான் ராசப்பன் கடையில் அந்தச் செய்தி வந்தது. இனிமேல் துறையில் நிற்கும் கைடுகள் எல்லாரும் எறணாகுளம் போய் ஓர் அதிகாரிக்கு முன்னால் பேசிக்காட்டி, சட்டையில் குத்திக்கொள்ளும் அனுமதி வில்லை வாங்க வேண்டும்; வில்லை இல்லாதவன் நிற்கக் கூடாது. ஒச்சப்பனுக்கு மார்ச்சில் மூன்றாவது செவ்வாய்க்கிழமை. அவன் நிலைமை இருதலைக் கொள்ளி எறும்பாயிற்று. கடைசி வரியைச் சொன்னால் அதில் என்ன அசிங்கம் இருக்கிறதோ. விட்டால் அதிகாரி கேள்வி கேட்பார். எப்படிப் பார்த்தாலும் வேலை போயிற்று. நாற்பது வயதை நெருங்குகிற, மூட்டை தூக்க முடியாத ஆளுக்கு அதற்கப்புறம் மட்டாஞ்சேரியில் என்ன வேலை?

பேச்சி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவன் சாப்பாடு பாதியாகிவிட்டது, பேப்பருக்குள் புத்தகம் இருக்கிறது, புத்தகத்தில் முட்டைக்கோஸ் வாடை அடிக்கிறது, எல்லாம் அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளைகள் பக்கத்து வீட்டுக்குப் போனதும், எதிரில் உட்கார்ந்து என்ன விஷயம் என்று கேட்டாள். அவன் சொன்னான். அந்த வரியைச் சொல்லிக் காட்டச் சொன்னாள். சொன்னான், ஒரே மூச்சில்.

அவளுக்கு எழுத்து தெரியாது. தமிழிலும் தெரியாது, எதிலும் தெரியாது. ஆனால் கலந்து கிடப்பதைப் பிரிப்பது அவள் தொழில். சுக்குக் கிடங்கில் மலையாகக் குவித்த சுக்கை நாள் முழுவதும் பெரிசு, சிறிசு, சொத்தை என்று பிரிக்கிறவள்.

"மொத்தமாக் கொட்டுனா எப்பிடிய்யா தெரியும்? ஒண்ணொண்ணா எடு."

கஷாயத்துக்கென்று வைத்திருந்த சிறு சுக்குத் துண்டுகளை டப்பாவோடு கொண்டுவந்து தரையில் கொட்டினாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு சுக்கு. அவன் மெதுவாக, ஒரு வார்த்தை சொல்லி நிறுத்த வேண்டும். அவள் ஒரு துண்டை எடுத்து வரிசையில் வைப்பாள். ஆறு வருடம் ஒரே மூச்சில் ஓட்டிய வரி நிறுத்தினால் நிற்கவில்லை. நாலு தரம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. ஐந்தாம் தரம் வார்த்தைகள் ஒன்றைவிட்டு ஒன்று கழன்று வந்தன. நாற்பத்தாறு சுக்கு. வரி என்று அவன் நினைத்தது நாலு வாக்கியமாக இருந்தது.

அப்புறம் பிரித்தார்கள். தெரிந்த வார்த்தை வரிசையிலேயே இருக்கட்டும், தெரியாதது அரை விரல் கீழே இறங்கட்டும் என்றாள் பேச்சி. முப்பதுக்கு மேல் தெரிந்தவையாகவே இருந்தது ஒச்சப்பனுக்கு ஆச்சரியம். எங்கே எப்போது படித்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை. 'ஃப்ரெண்ட்' சிநேகிதன். 'குட்' நல்ல. 'ஈட்' சாப்பிடு. கீழே இறங்கியதற்கெல்லாம் புத்தகத்தின் பின்பக்கத்தில் விரலை ஓட்டினான். இரண்டாயிரம் வார்த்தையையும் ஒவ்வொரு தரமும் மேலிருந்து கீழே. 'மௌத்' வாய். 'அண்டர்ஸ்டாண்ட்' புரிந்துகொள். 'பிகின்' தொடங்கு. ஒவ்வொன்று கிடைக்கும்போதும் பேச்சி அந்தச் சுக்கை மேலே ஏற்றினாள். அடுப்பில் கஞ்சி கொதித்து வற்றி அடிப்பிடித்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

கடைசிச் சுக்கு ஏறியதும் ஒச்சப்பன் வரிசையை இடமிருந்து வலமாக விரலால் தொட்டுத் தொட்டுத் தமிழில் வாசித்தான்.

"நான் உங்ககிட்டச் சொன்னதுல ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியாது. என் பிள்ளைக சாப்பிடணும்னு நல்ல சிநேகிதன் ஒருத்தன் இத என் வாயில வச்சான். நீங்க கேள்வி கேட்டா நான் மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிக்கணும். அதனால தயவுசெஞ்சு பாத்து மட்டும் சந்தோசமா இருங்க."

முதலில் ஒச்சப்பனுக்குக் கோபம்தான் வந்தது. ரோஷக்காரன் அல்லவா. ஒரு சாயாவுக்குக் கைநீட்டாதவனை, பிள்ளைகள் சாப்பிட வேண்டும் என்று உலகத்துக்கெல்லாம் சொல்லவைத்துவிட்டானே பாலக்காட்டுப் படுபாவி என்று கத்தினான். இடுப்பொடிந்தவனைப் பிச்சைக்காரனாக்கிவிட்டான் என்றான். பேச்சி அவன் கத்தி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுல ஏதாச்சும் பொய் இருக்கா?"

அவன் யோசித்துவிட்டு, இல்லை என்றான்.

"அப்ப ஆறு வருசமா நீ யாரையும் ஏமாத்தலய்யா. தெனமும் நெசத்தச் சொல்லிட்டுத்தான் வந்திருக்க."

ஒச்சப்பன் சுக்கு வரிசையை இன்னொரு தரம் பார்த்தான். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். அவனோ மடியில் ஒன்றுமே இல்லாமல் ஆறு வருடம் வழியெல்லாம் பயந்திருக்கிறான். எது வெளிப்பட்டுவிடும் என்று நடுங்கினானோ, அதைத் தினமும் மணிக்கூண்டுக்கு முன்னால் நின்று உரக்கச் சொல்லியிருக்கிறான். கேட்டவர்கள் யாரும் காறித் துப்பவில்லை. சிரித்தார்கள், கையைத் தட்டிக்கொடுத்தார்கள், அவனுக்குச் சிரமம் வேண்டாம் என்று கேள்வி கேட்காமல் போனார்கள். அந்தக் கிழவிகளின் முகமெல்லாம் இப்போது அவனுக்கு வேறு மாதிரி தெரிந்தது. வெங்கிடராமனை நினைத்தான். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அழுகை பாதியில் சிரிப்பாகிவிட்டது, பேச்சிக்கும் தொற்றிக்கொண்டது. அன்றைக்கு ஒரு மாமாங்கத்துப் பாரம் இறங்கினது போல் இரண்டு பேரும் பசியோடு தீய்ந்த கஞ்சியைக் குடித்தார்கள்.

ஆனாலும் இரண்டு வாரத்தில் அந்தச் செவ்வாய்க்கிழமை இருந்தது. ஒரு வார்த்தைகூடப் புரியாது என்று அதிகாரியிடம் சொன்னால் அவர் வில்லை எதற்குக் கொடுப்பார்? அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று: அந்த வரி இப்போது நிஜமில்லை. பதினேழு நிமிடத்தில் முக்கால்வாசி அவனுக்குப் புரிந்துவிட்டது. வெங்கிடராமன் அவனைக்கொண்டு உண்மையைச் சொல்லவைத்தான். இனி அதையே சொன்னால் பொய். இரண்டு வாரம் படகில் போய்வந்து ஒச்சப்பன் அதற்குப் பதில் ஒரு வரியைத் தேடினான்.

எறணாகுளத்தில் படகுத்துறைக்கு எதிரே ஒரு பழைய கட்டிடத்து மாடியில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். கமலாக்ஷி என்று பெயர். ஐம்பது வயது, கட்டைக்குரல், மேஜைமேல் ஒரு கட்டு விண்ணப்பம். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். ஒச்சப்பன் உட்கார்ந்தான், வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. அந்தப் பேச்சை அவன் ஒரு நாளும் உட்கார்ந்து சொன்னதில்லை. கால் நடந்தால்தான் வாய் நடக்கும். எழுந்து நின்று, நடந்துகொண்டே சொல்லட்டுமா என்று மலையாளத்தில் கேட்டான். கமலாக்ஷி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

ஒச்சப்பன் வாசலுக்குப் போய், அங்கேதான் படகு வந்து நிற்பதுபோல் ஆரம்பித்தான். அலமாரி அரண்மனை வாசலாயிற்று. ஜன்னலோரம் மாடி. மேஜையைச் சுற்றி வந்தபோது ராமனும் சிவனும் வந்தார்கள். கமலாக்ஷியும் நாற்காலியில் உட்கார்ந்தபடி கழுத்தைத் திருப்பித் திருப்பி அவன் காட்டிய சுவரையெல்லாம் பார்த்தார். என் முகத்தைப் பார் என்கிற வரியை அவன் முன்னமே பிடுங்கி எறிந்திருந்தான். ஓரிடத்தில் 'ராஜா' என்று நினைத்து ஒரு கணம் நின்றான், அப்புறம் தானே பிடித்துக்கொண்டான். மின்விசிறிக்குக் கீழே மணிக்கூண்டு வந்து சேர்ந்தது. இனிக் கடைசி வரி.

வாய் பழக்கத்தில் பழையதற்கே போயிற்று. ஒச்சப்பன் பல்லைக் கடித்து நிறுத்தினான். பிறகு அவன், பிறந்ததிலிருந்து யாரும் சொல்லிக்கொடுக்காத, தானே சேர்த்துக் கட்டிய முதல் இங்கிலீஷ் வாக்கியத்தைச் சொன்னான்.

"நவ் யூ ஆஸ்க் கொஸ்டின், மேடம்."

சொல்லிவிட்டு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

கமலாக்ஷி கேட்டார். எத்தனை வருடமாகச் செய்கிறாய் என்று முதல் கேள்வி. 'ஹவ் மெனி', 'இயர்ஸ்' என்று இரண்டு சுக்கு மேலே ஏறின. ஒச்சப்பன் ஆறு என்றான். எந்த ஓவியம் உனக்குப் பிடிக்கும் என்று இரண்டாவது. இன்னொரு தரம் சொல்லும்படி விரலைக் காட்டினான். அவர் மெதுவாகச் சொன்னார். ராமனுக்குக் கல்யாணம் நடக்கிற சுவர் என்று, நாலு வார்த்தையில், இலக்கணம் அங்கங்கே அடிபட்டாலும் உயிர் போகாமல் சொன்னான்.

மூன்றாவது கேள்வி: அந்தச் சுவர்களையெல்லாம் வரைய எத்தனை பேர் வேலை செய்தார்கள்? கேள்வி முழுவதும் அவனுக்குப் புரிந்தது. ஒரு வார்த்தை மிச்சமில்லாமல் புரிந்தது. பதில்தான் தெரியவில்லை. நூறு என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நாக்கு துடித்தது.

"ஐ டோன்ட் நோ, மேடம்" என்றான்.

கமலாக்ஷி பேனாவை மேஜைமேல் வைத்தார். காலையிலிருந்து ஏழு பேர் வந்துபோனதாகவும், இந்தக் கேள்விக்கு ஒருவர் நாற்பது என்றும் ஒருவர் நானூறு என்றும் கூசாமல் சொன்னதாகவும் மலையாளத்தில் சொன்னார். தனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒருவராவது வருவாரா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாராம். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை வந்து வில்லையை வாங்கிக்கொள்ளச் சொன்னார். இங்கிலீஷை இன்னும் படிக்க வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொன்னார்.

பேச்சி அரைநாள் விடுப்பு எடுத்து வந்து படகுத்துறைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவன் ரோட்டைக் கடந்து வருவதைப் பார்த்து எழுந்தாள். வில்லை கிடைத்ததா என்று அவள் கேட்கவில்லை.

"கேள்வி கேட்டாங்களா?"

"மூணு கேட்டாங்க."

"பெறகு?"

ஒச்சப்பன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இடுப்பைப் பலகையில் சாய்த்து, கால் இரண்டையும் நீட்டிக்கொண்டான்.

"ஒண்ணும் ஆகல, பேச்சி" என்றான்.